மெக்கானிக் சாயங்காலம்தான் வருவாங்க

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. எனக்கும் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொல்ல முடியாது, வெறும் பிளைவுட் பலகை. அந்தப் பக்கம் அசீம் பாய் தும்மினால் இந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்ப்பேன். அதனால் சுகிர்தா முதன்முதலாக அந்தக் கடைப் படியேறி வேலை கேட்டதை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. எனக்குக் காது இருந்தது, கேட்டது.

"சார், பார்ட் டைமா வேலை கிடைக்குமா சார்? இப்ப காலாண்டு லீவு, முழு நாளும் வர்றேன். ஸ்கூலு தொறந்தா சாயங்காலத்துல வர்றேன்."

"இன்னா தெரியும்?" என்றார் அசீம் பாய்.

"கழட்டி மாட்டத் தெரியும் சார். விண்டோஸ் போடுவேன். ராம் மாத்துவேன். காசு கூட வேணாம் சார்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பலகையைத் தட்டினேன். "ஏண்டி பொண்ணே, காசு வேணாம்னு உன்ன யாராச்சும் கேட்டாங்களா? நீயா எதுக்கு வாயக் குடுக்கற?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அசீம் பாய், "பார்க்கலாம்மா" என்றார்.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் அகராதி தேவையில்லை. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் 'பார்க்கலாம்' என்றால் தரகர் வேறு ஜாதகத்தை எடுத்துவிடுவார். பேங்க் மேனேஜர் சொன்னால் லோன் கேட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்தப் பெண் மட்டும் மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே வந்து படியில் நின்றாள்.

அசீம் பாய்க்கும் அவளை விரட்ட மனம் வரவில்லை போலிருக்கிறது. "உக்காரு. எதையும் தொடாத. வர்றவங்ககிட்ட நான் எங்க போயிருக்கேன்னு சொல்லு, போதும்" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மனைவி இர்பானா நாஷ்டா கொடுத்தனுப்பினால், நன்றாக இருந்தது என்று சொல்வதற்கே அவருக்கு ஒரு வாரம் ஆகும்.

சுகிர்தா மானாம்பதிப் பக்கத்துக் காலனிப் பெண். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தாள். ஒல்லியான உடம்பு, இரட்டைப் பின்னல், மூச்சு விடாத பேச்சு. அண்ணன் டேனியலுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப், அவன் ஒரகடத்துக் கம்பெனி வேலைக்குப் போனபிறகு செத்துப்போய் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. இவள் போன் வீடியோவைப் பார்த்து அதைக் கழற்றினாள். பக்கத்துத் தெருவிலிருந்து இன்னொரு செத்த லேப்டாப்பை வாங்கிவந்து, அதிலிருந்து இதற்கு, இதிலிருந்து அதற்கு என்று மாற்றி, கடைசியில் ஒன்றைப் பிழைக்க வைத்துவிட்டாள். அதற்கு உயிர் வந்த அன்று, கூரை ஷீட்டு அதிரும்படி கத்தினாளாம். பாம்பு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டையோடு ஓடிவந்தாராம். இதையெல்லாம் என் கடையில் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிடும்போது அவளே சொன்னாள். அவள் ஜியோமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

ஒரு சிக்கலும் இருந்தது. அவள் அம்மா ஞானசுந்தரி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். "லீவு முடியறதுக்குள்ள அந்தக் கடைக்காரரு உன்ன வச்சிக்கறேன்னு வாயத் தொறந்து சொல்லணும். இல்லாங்காட்டி அடுத்த லீவுலேந்து என்கூட களையெடுக்க வந்துடு. பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கெடையாதுன்னு தினம் போய் குந்திக்கினு வர்றதுக்குப் பேரு வேலையா?" என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மா கேட்டதில் என்ன தப்பு? பெண்ணுக்கு அந்தக் கடை வேண்டும். கடைக்காரரோ பார்க்கலாம் என்பதைத் தாண்டி ஒரு எழுத்து பேசவில்லை. லீவோ ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அவரு ஒரு போர்டு கழட்டினா எனக்குக் கை அரிக்குதுக்கா" என்பாள். "அந்த ஃபேனுக்கு அடியில எவ்ளோ தூசு தெரியுமா? ஊதி எடுத்தா அப்டியே பளபளன்னு ஆயிடும்." பிரியாணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முகத்தில்கூட அந்த ஆசையை நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கடைத்தெருவில் அன்றைக்கு எல்லாவற்றுக்கும் பூஜை உண்டு. தராசு, தையல் மிஷின், டிவிஎஸ் வண்டி, கல்லாப் பெட்டி என்று ஒன்றையும் விடமாட்டோம். நான் கடையைக் கழுவித் துடைத்து, ஜெராக்ஸ் மிஷினுக்கு மாலை போட்டு, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பொரி கடலையில் அசீம் பாய் வீட்டுக்கு ஒரு பொட்டலம், சுகிர்தாவுக்கு ஒரு பொட்டலம். பூசணிக்காயை உடைத்து, மிஷின்களுக்கு ஓய்வு கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் விஜயதசமி. என் கடைக் கம்ப்யூட்டரில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட ஆட்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சாமி கும்பிட்டு, கற்பூரம் காட்டி, கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. நாலைந்து விநாடியில் அணைந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கி மாட்டி மறுபடி அழுத்தினேன். மறுபடியும் எரிந்தது, அணைந்தது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா!

"பாய்" என்று பலகையைத் தட்டினேன். சுகிர்தாதான் வந்தாள். அசீம் பாய் விடிந்ததும் வாலாஜாபாத்துக்குப் போய்விட்டாராம். அங்கே ஒரு ரைஸ் மில்லில் எடை மேடைக் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நெல் லாரிகள் வரிசையில் நிற்கின்றன என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நீ பாரேன்" என்றேன்.

"எதையும் தொடக் கூடாதுன்னு சார் சொல்லிக்கீறாரு அக்கா."

"அவரு கடையில இருக்கறதத்தான தொடக் கூடாது? இது என் மிஷினு. நான் சொல்றேன். தொறடி."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஓடிப்போய் ஜியோமெட்ரி பாக்ஸோடு வந்தாள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், ராமை எடுத்துத் துடைத்துப் போட்டாள். கடைசியில் நிமிர்ந்து, பெரிய டாக்டர் கணக்காக, "எஸ்எம்பிஎஸ் போச்சுக்கா" என்றாள். அதாவது கரண்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அதைக் கேட்டதும் எனக்குத்தான் கரண்ட் போன மாதிரி இருந்தது. அசீம் பாய்க்கு போன் போட்டு, பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அவர் என்ன அவசரத்தில் இருந்தாரோ, "எடு, எடு" என்று வைத்துவிட்டார்.

அதை மாட்டி அழுத்தினாள். எரிந்தது. அணைந்தது.

"போச்சுன்னியே" என்றேன். என் வாய் சும்மா இருக்காது. வாசலில் நின்றவர்கள் வேறு கடைக்கு நகர ஆரம்பித்திருந்தார்கள்.

அவள் காதுமடல் சிவந்துவிட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனக்குள் முணுமுணுத்தாள். "எரியுது, சுத்துது, அணையுது. நம்ம பட்டனை வுடாம அமுக்கிக்கினே இருந்தா இப்டித்தான ஆஃப் ஆவும்." சட்டென்று உள்ளே கைவிட்டு, முன்பக்கப் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் மெல்லிய வயரைப் பிடுங்கினாள். அந்த வயர் மாட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாகத் தொட்டாள்.

விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. அணையவில்லை. திரையில் விண்டோஸ் வந்தது, என் பேரனின் போட்டோ வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எனக்கும்தான்.

"அக்கா, மிஷின்ல ஒண்ணுமே இல்லக்கா. பட்டன்தான். உள்ள போனது வெளிய வராம மாட்டிக்கினு கீது." முன்பக்கத் தகட்டைப் பிடித்து இழுத்தாள். பட்டனைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனாள். "இது இன்னாக்கா? வாசனையா கீது."

சந்தனம். நான் வைத்த சந்தனம். வருடா வருடம் மூடிமேல்தான் வைப்பேன். இந்த வருடம் மிஷினுக்கு நெற்றி எதுவாக இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. முன்னால் வட்டமாக அந்தப் பட்டன் இருந்தது. பார்க்க லட்சணமாகவும் இருந்தது. நன்றாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டேன். இதைச் சொன்னதும் அவள் தரையில் புரளாத குறையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். கண் பெரிதாகிவிட்டது.

"அக்கா, ரைஸ் மில்லுலயும் நேத்து பூஜை போட்டிருப்பாங்க இல்ல?"

அசீம் பாய்க்கு ஸ்பீக்கரில்தான் போன் போட்டாள். அந்தப் பக்கம் லாரி ஹாரன் காதைப் பிய்த்தது. யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். "சார், மிஷினு ஆன் ஆயி ஆயி ஆஃப் ஆவுதா?"

"ஆமா. போர்டு போச்சு போல கீது. கழட்டப் போறேன். எதுக்கு?"

"கழட்டாதீங்க சார். முன்னாடி பட்டன்ல சந்தனம் கீதா பாருங்க."

ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. சுகிர்தா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், வளையல் அழுந்தியது.

"கீது" என்றார் அசீம் பாய். போன் கட்டாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். அங்கே லாரிகள் நகரும் சத்தம் கேட்டது. "கடைக்கு எதுனா வந்தா நீயே பாரு" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு அவள் என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் குதித்த குதியில் என் லேமினேஷன் கவர்கள் எல்லாம் சரிந்து விழுந்தன. வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அன்றைக்கு நானே பொறுக்கி அடுக்கிக்கொண்டேன்.

ரிப்பேர் மிஷின்கள் வரவும் வந்தன. மளிகைக் கடை வேதகிரி பில் போடும் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் டியூஷன் சென்டர்க்காரர், அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோக்காரர். என்ன ஆச்சு என்று அவர்கள் ஆரம்பிப்பதற்குள் சுகிர்தா கேட்ட முதல் கேள்வி, "பொட்டு எங்க வச்சீங்க?" என்பதுதான். வேதகிரி திருதிருவென்று முழித்தார். "கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு வந்தா ஜோசியம் கேக்கறியே, பாப்பா" என்றார். பிறகு அவள் பட்டனைக் கழற்றி, டூத் பிரஷால் சந்தனத்தைத் தேய்த்து எடுத்து, மாட்டி, ஓடவிட்டுக் காட்டியதும், அவரே குனிந்து பட்டனை ஒருதரம் அமுக்கிப் பார்த்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் மிஷினில் பட்டன் சுத்தமாகத்தான் இருந்தது. ஃபேனுக்குள் அட்சதை அரிசி போயிருந்தது. தலைகீழாகத் தட்டி எடுத்தாள். முடிந்த ஒவ்வொரு மிஷினுக்கும் என்னிடம் ஸ்டிக்கர் பேப்பரில் பிரிண்ட் போட்டு வாங்கி ஒட்டினாள். மூடியின் மேல் ஒரு வட்டம், கீழே 'பொட்டு இங்கே வைக்கவும்.'

சாயங்காலம் அசீம் பாய் சமோசாப் பொட்டலத்தோடு வந்தார். சரியாகியிருந்த மிஷின்களைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "சார், அப்ப நான் ஸ்கூலு தொறந்தப்புறமும் வரட்டுமா?" என்றாள் சுகிர்தா. நான் பலகையில் காதை வைத்தேன், மறைப்பானேன்.

"அதான் பார்க்கலாம்னு சொன்னேனே" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையை உதைத்திருப்பேன். என் கடைப் பலகையும் அதுதான் என்பதால் விட்டுவிட்டேன்.

லீவின் கடைசி நாள். மதியம் தாண்டி, சுகிர்தா மெதுவாக என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் ஜியோமெட்ரி பாக்ஸ். பேசாத சுகிர்தாவை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"வேற ஆளு வச்சிட்டாருக்கா" என்றாள்.

"யாரு சொன்னா?"

"போன்ல யாருகிட்டயோ சொல்லிக்கினு இருந்தாரு. 'நம்ம கடையில இப்ப மெக்கானிக் கீறாங்க. நல்லா பார்ப்பாங்க. நாளைலேந்து சாயங்காலம்தான் வருவாங்க, அப்ப எடுத்துனு வாங்க'ன்னு. யாரோ பெரிய ஆளு போலக்கா. வருவாங்க, பார்ப்பாங்கன்னு அவ்ளோ மரியாதையா சொன்னாரு." சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "எங்க அம்மா வேற இப்ப வருது. கேட்டுக்கினு போவ."

எனக்குள் ஏதோ இடித்தது. சாயங்காலம் மட்டும் வருகிற பெரிய மெக்கானிக் இந்த உத்திரமேரூரில் யார்? வாயைத் திறப்பதற்குள் ஞானசுந்தரி வந்துவிட்டார். வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார், புடவை ஓரத்தில் சேறு காயவில்லை. கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார். நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லியும் படியிலேயே நின்றார். "இன்னா சொன்னாரு?" என்று மகளைக் கேட்டார். மகள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "நான்தான் அப்பவே சொன்னேனே. வுடு. வா, வூட்டுக்குப் போலாம்" என்று அந்த அம்மா பெண்ணின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"யாரும் எங்கயும் போவ வேணாம்" என்றேன். தாயை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்குள் நுழைந்தேன். ஞானசுந்தரி மட்டும் கையை விடுவித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா பாய், புது மெக்கானிக் வச்சிக்கினீங்களாமே. யாரு அவங்க?"

அசீம் பாய் ஒரு லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"யாருன்னா? அதோ உங்க பக்கத்துல நின்னுக்கினு கீறாங்களே" என்றார்.

சுகிர்தா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள். அங்கே காலண்டர்தான் தொங்கியது.

"எப்ப வச்சிக்கறேன்னு சொன்னீங்க பாய்? அந்தப் பொண்ணு உக்காந்து அழுதுக்கினு கீது."

"முத நாளே சொன்னேனேக்கா. பார்க்கலாம்னு." அவர் நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். "வேணாம்னா வேணாம்னு சொல்லிடுவேன். பார்க்கலாம்னா பார்க்கலாம்தான?"

இவரோடு இர்பானா எப்படித்தான் குடித்தனம் செய்கிறாளோ என்று நினைத்தேன். சுகிர்தாதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப, வருவாங்கன்னு சொன்னீங்களே சார்?"

"கஸ்டமர்கிட்ட மெக்கானிக்க வேற எப்டிம்மா சொல்றது?" என்றார் அவர். பிறகுதான் வாசலில் நின்ற ஞானசுந்தரியைச் சரியாகப் பார்த்தார். எழுந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மெக்கானிக்கோட அம்மாவா? உள்ள வாங்க. உக்காருங்க. மாசச் சம்பளம் பேசிடலாம். பொண்ணு காசு வேணாம்னு சொல்லுச்சு, அது சரிப்படாது."

ஞானசுந்தரி உள்ளே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வயலில் அந்த அம்மாவை, அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த வயசுப் பையன்கள்கூட 'ஞானசுந்தரி, இந்தாண்ட வா' என்றுதான் கூப்பிடுவார்கள். நானே கேட்டிருக்கிறேன். அவர் சம்பளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகளை மேலும் கீழும் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார். "வருவாங்கன்னா சொன்னாரு?" என்று மெதுவாகக் கேட்டார். சுகிர்தா ஆமாம் என்று தலையசைத்தாள். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

டீ குடித்து முடிக்கும்போது மானாம்பதி பஸ் வந்துவிட்டது. அம்மாவும் பெண்ணும் சாலையைக் கடந்து ஓடினார்கள். சுகிர்தா பாதியில் நின்று, இங்கே திரும்பி எனக்குக் கை காட்ட ஆரம்பித்தாள். ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே இருந்தது. பஸ் உறுமியது. ஞானசுந்தரி படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"மெக்கானிக்கு, ஏறுங்க. பஸ்ஸு போயிடப் போவுது."

மெக்கானிக் ஏறிக்கொண்டார்கள்.